முழங்கையும் கவாத்தும்

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் முழங்கையில் கட்டு. அவள் மடியில் ஒரு புது பிளாஸ்டிக் ஸ்டூல். அதன் கால் என்னை இடித்துக்கொண்டே வந்தது.

“ஆபரேசன் பண்றப்ப என் முழங்கை உள்ளாற இருக்கதையெல்லாம் டிவியில காட்டுனாக புள்ள. தேஞ்சு உதுந்த எலும்பத் துணுக்குத் துணுக்கா எடுத்துட்டாக. நாளைக்கே கத்திரியப் பிடிச்சிருவேன்.”

“டாக்டரு அப்படியா சொன்னாக?”

“மடக்கி நீட்டிக்கிட்டே இருக்கச் சொன்னாக. திராட்சைக் கொடியக் கவாத்து வெட்டுறதும் அதான?”

“என்ன வேலைன்னு கேட்டாகளே, என்ன சொன்னீக?”

“வெவசாயம்னேன்.”

“திராட்சைப் பந்தலுக்கடியில நாள் பூரா கையத் தூக்கிக்கிட்டே வெட்டுற வேலைன்னு சொன்னீகளா?”

அவர் கட்டைத் தடவினார். “சொன்னா வேணாம்பாக.”

“அதான் நீங்க மாத்திரை வாங்கப் போனப்ப நான் சொல்லிப்புட்டேன்.”

அனுமந்தன்பட்டிப் பக்கம் பந்தல்கள் வந்தன. ஆட்கள் கவாத்தில் இறங்கியிருந்தார்கள். ஜன்னல் வழியே பார்த்தவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“உக்காருங்க. மறுபடி தேஞ்சா சோத்த அள்ளி வாயில வைக்கக்கூட கை மடங்காதுன்னாக. இந்த வருசம் நான் வெட்டுறேன். கொடியில எந்தத் துளிர்க் கண்ணுக்கு மேல வெட்டணும்னு மட்டும் கூட நின்னு சொல்லுங்க.”

“ஒனக்குப் பந்தல் எட்டாது புள்ள.”

அவள் மடியிலிருந்த ஸ்டூலை இரண்டு தட்டுத் தட்டினாள்.