மாட்டன் எண்டாக் காணும்

— உந்தச் சிவப்பென்ன, ஸ்ரான்லி? விரலை வெட்டிப்போட்டியளோ?

— இல்லை மேரிறோஸ், பீற்றூட். சிவப்பு மை வீட்டில இல்லை. உம்மட கறிச்சட்டியில தொட்டுக் கைநாட்டு வைச்சனான். உயிருள்ள மனுசன்ர அடையாளம் சிவப்பாத்தான் இருக்கவேணுமாம்.

— ஆர் சொன்னது?

— இன்ரநெற்றில சட்டம் சொல்லித்தாற சுஜீதன்ர சூம் வகுப்பில. ஞாயிறு ஞாயிறு நடக்குது.

— நான் பைபிள் வகுப்பெண்டெல்லோ தேத்தண்ணி போட்டுத் தந்தனான். சரி, இதென்ன பேப்பர்?

— கோட்ஸ் தீர்ப்பு. ஆறு மாசம் கார் ஓடக்கூடாதாம். குறுக்கால ‘எனக்குச் சம்மதமில்லை’ எண்டு எழுதித் திருப்பி அனுப்பிறன். அதோட அது செல்லாது.

— எண்பதில போகவேண்டிய றோட்டில நூற்றிமுப்பதில போனது உண்மைதானே?

— அது வேற கதை. நான் அவையோட ஒப்பந்தம் செய்தனானோ? பழைய பொதுச்சட்டத்தின்படி, சம்மதமில்லாத மனுசனை ஒருத்தரும் கட்டுப்படுத்தேலாது.

— கேக்க நல்லாத்தான் கிடக்கு. பொலிஸ் மறிச்சா?

— ‘நான் கார் ஓடேல்லை, பயணம் செய்யிறன்’ எண்டு சொல்லவேணும்.

— ஸ்ரியறிங்கைப் பிடிச்சுக்கொண்டோ?

— பகிடி பண்ணாதையும்.

— பகிடியில்லையப்பா. தடையோட ஓடிப் பிடிபட்டா மறியலில அடைப்பினம் எண்டு லோயர் சொன்னவர். நாளைக்கு விடிய டண்டினோங் ரவுனுக்குக் கார் ஓடப்போறன் எண்டு நிக்கிறியள். எனக்குப் பயமாக்கிடக்கு. நான் கொண்டுபோய் விடுறனே.

— மனுசி கார் ஓட, நான் பக்கத்தில குந்திக்கொண்டு போய் இறங்கிறதோ? எங்கட ரோவில் ஊர்ச்சனம் முழுக்கச் சிரிக்கும்.

— ஓ, அதுதான் விசயமோ. சரி, உந்தச் சட்டத்தைச் சொல்லுங்கோ. இப்பிடி அனுப்பி ஆராவது வெண்டிருக்கினமோ?

— வெண்டவை வெளியில சொல்லமாட்டினமாம்.

— தோத்தவை?

— அவை பேப்பரைச் சரியா மடிக்கேல்லையாம்.

— ம். கார்க் கேசுக்கு மட்டுமோ, எல்லாத் தீர்ப்புக்கும் இதேதானோ?

— எல்லாத்துக்கும். ரெண்டு பகுதியும் சம்மதிச்சாத்தான் தீர்ப்பு.

— ரெண்டு பகுதியுமோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.

— யோசிக்க என்ன கிடக்கு? ஒரு பகுதி மாட்டன் எண்டாக் காணும், அது வெறும் கடுதாசி.

— போன வருசம் உங்களுக்கு விவாகரத்துத் தந்ததும் கோட்ஸ்தானே? உங்கட முதல் மனுசி ஜெனோஜா கடைசி மட்டும் மாட்டன் எண்டுதானே நிண்டவ?

— அது… அது வேற கதை, மேரிறோஸ்.

— ஒரு வேறயுமில்லை. நீங்கள் அதைத் தபாலில போடுங்கோ. நான் ஜெனோஜாவுக்குப் போனெடுத்து, உம்மட மனுசனை வந்து கூட்டிக்கொண்டு போம் எண்டு சொல்லுறன்.