காற்று எந்தப் பக்கம்

நாடுகாணியிலிருந்து கூடலூர் போகும் காலைப் பேருந்து. வெளியே பனியா புகையா என்று தெரியாத வெண்மையில் தேயிலைச் சரிவுகள் மிதந்துகொண்டிருந்தன. எனக்கு முன் இருக்கையில் சால்வை போர்த்திய பெண், பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

"எங்க ஊட்டுக்காரரு தீ வெக்கப் போயிருக்காருங்க. அதான் ஊரை விட்டுப் போறேன்."

"யாரு ஊட்டுக்குங்க?"

"காட்டுக்குத்தாங்க. பாரஸ்ட்ல வாட்சரா இருக்காரு. கோடைல காட்டுத்தீ பரவாம இருக்க, ரோட்டோரப் புல்லை இப்பவே எரிச்சு விடுவாங்க. எனக்கு வீசிங். போன வருசம் அந்தப் புகைல ஆஸ்பத்திரில கெடந்தேன்."

"ஜன்னலைச் சாத்திட்டு உள்ளயே இருக்கலாமில்லீங்க?"

"டாக்டரும் அப்படித்தான் சொன்னாருங்க. எங்களுது ஓட்டு ஊடு, சந்துல எல்லாம் புகை பூந்துரும். தீ வெக்கிற அன்னிக்கு அவரு விடியறப்பவே வாசல்ல நின்னு காத்தைப் பாப்பாரு. நம்ம பக்கம் அடிச்சா, என் பையில இன்ஹேலரை வெச்சுட்டு, தங்கச்சி ஊட்டுக்குப் போயிட்டு சாயந்தரம் வான்னு சொல்லிட்டுப் போவாரு."

"அவருக்கு மட்டும் புகை ஒத்துக்குமாங்க?"

"எங்கீங்க? ராத்திரியெல்லாம் இருமல். மாஸ்க் வாங்கிக் குடுத்தேன், மூச்சு முட்டுதுன்னு கழட்டிர்றாரு."

வளைவில் புகை அடர்ந்தது. எல்லோரும் ஜன்னல் கண்ணாடிகளை இறக்கி மூடினோம். ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க, தீயை அடித்து அடக்கும் பச்சைத் தழைக்கொத்துடன் நாலைந்து ஆட்கள் கனவில் வருவதுபோல் தெரிந்து மறைந்தார்கள். ஒருவர் மட்டும் பேருந்தையே பார்த்தபடி நின்றார். அவள் உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"மூக்கு தெரியலீங்க," என்றாள். "மாஸ்க் போட்டிருக்காரு."

பிறகு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்களை மூடினாள்.