ரெண்டு மருமகன்

மன்னார்குடி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா, பழைய தோழியிடம் சொன்னார்: "எனக்கு இப்ப ரெண்டு மருமகன்."

"உனக்குப் பொண்ணு ஒருத்திதானே?"

"இன்னொருத்தர் நம்ம பையன் சாமுவேலோட துணை. பெங்களூர்ல ரெண்டு பேரும் சேர்ந்து வாழுறாங்க."

"கிறிஸ்துமஸ் பஜனையில வீடு வீடாப் போய் மேளம் தட்டி ஊரையே எழுப்புவானே, அந்தச் சாமுவேலா?"

"அவனேதான். விஷயம் தெரிஞ்சதும், சபையில எப்படித் தலை நிமிர்றதுன்னு அவங்கப்பா அவனை வீட்டுக்கு வரக்கூடாதுன்னுட்டார். அதுலேருந்து பஜனை வாசலுக்கு வந்தாலே உள்ள போய்ப் படுத்துக்குவார். போன டிசம்பர்ல பாட்டு முடியிறவரைக்கும் வாசல்லயே நின்னார். உடனே அவனுக்குப் போன் போட்டார்."

"என்ன சொன்னார்?"

"'ரெண்டு பேரும் வாங்கடா, அம்மா அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டுட்டா'ன்னார். நான் எங்க போட்டேன்? அவர் போனை வச்சப்புறம்தான் ஓடிப்போய் ஊறப்போட்டேன்."