சாரநாதனின் மடி

உடல் பருமன் பற்றிப் புள்ளிவிவரம் சொன்னால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். நாற்காலியும் அதற்கு வசதியாகத்தான் இருக்கிறது. அதனால் ஒரு சின்னக் கதை சொல்கிறேன், கேளுங்கள்.

சாரநாதன் என்று ஒருவர். கம்ப்யூட்டர் வேலை, அதுவும் வீட்டிலிருந்தே. பத்து வருடம் உட்கார்ந்தார்... உட்கார்ந்தார்... உட்கார்ந்துகொண்டே இருந்தார். சாப்பாடு வாசலுக்கு வந்தது. அதை வாங்க வாசல்வரை போவதுதான் நடைப்பயிற்சி. எடை நூற்றுப் பதினெட்டு கிலோ.

மகள் வகுளாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். சின்ன வயதில் அவள் சாப்பிட்டது, படித்தது, கோபித்துக்கொண்டது எல்லாம் அந்த மடியில்தான். இன்னும் ஒரே ஒரு தடவை... அதற்காகத்தான் சாரநாதன் காத்திருந்தார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஒத்திகை. வகுளா உட்கார்ந்தாள்... வழுக்கி இறங்கினாள். மறுபடி உட்கார்ந்தாள்... மறுபடி இறங்கினாள். மடி எங்கே? முழங்கால்வரை வயிறு பட்டா போட்டுவிட்டதே!

மனைவி கோமளா பிடித்துக்கொண்டாள்: "நடங்கோ நடங்கோன்னு மூணு மாசமா சொன்னேனே, கேட்டேளா?"

"எப்படி நடக்கணும்னு தினமும் வீடியோ பார்த்தேனேடி!"

கல்யாணம் செய்துவைக்கும் வாத்தியார் சமாதானம் சொன்னார்: "சித்தப்பா மடியில உக்காரட்டும். சாஸ்திரம் ஒத்துக்கும்."

வகுளா சொன்னாள்: "சாஸ்திரம் ஒத்துக்கட்டும் மாமா. நான் ஒத்துக்க மாட்டேன்."

முகூர்த்தம் வந்தது. கெட்டிமேளம்! வகுளா அப்பா மடியில் உட்கார்ந்தாள். வழுக்கவே இல்லை! அட்சதை விழுந்தது. கோமளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போட்டோ பிரமாதம்.

சாரநாதனுக்கு மட்டும் தெரிந்தது... மடியில் பாரமே இல்லை. அந்தப் பெண் புடவைக்குள் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, உட்கார்ந்த மாதிரி நிற்கிறாள்!

காதோரம் சொன்னார்: "நன்னா உக்காரும்மா..."

"உக்காந்துதாம்ப்பா இருக்கேன்."

அவள் கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

நூற்றுப் பதினெட்டு கிலோ மனிதர் மகளின் ஐம்பது கிலோவுக்கு ஏங்கினார்... கிடைக்கவில்லை.

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாம் டாக்டர் சொல்வார். அதற்கு ஃபீஸ் வாங்குகிறார். நான் இலவசமாக ஒன்று கேட்கிறேன். உட்கார்ந்த இடத்திலேயே நாம் வளர்க்கிற இந்த உடம்பு நம்முடையது மட்டுமா? இன்னொருவருக்கும் அதில் ஓர் இடம் இருந்ததே... யாரைக் கேட்டு அதை மூடினோம்? எழுந்து நடங்கள் ஐயா... நடங்கள் அம்மா. பிள்ளைகள் நம்மேல் முழு பாரத்தையும் இறக்கி வைத்து உட்காரட்டும்.