எட்டுப் பாத்திகளுக்கு ஒரு மன்னிப்பு

தலைமை ஏற்றிருக்கும் சேம்கோல் ஊர்த்தலைவர் பியோன் அவர்களே, வெயில் ஏறியும் தொப்பியைக் கழற்றாத முதியோர் மன்றத்துப் பெரியவர்களே, விடியற்காலையிலிருந்து ஊருக்கே சோறு பொங்கிய தாய்மார்களே, பங்குத்தந்தை அவர்களே, பள்ளிப் பிள்ளைகளே, இந்தப் பண்ணையில் மண் தேறத் தேறத் தாங்களும் தேறிவரும் என் அன்புத் தோழர்களே! எழுபத்தொன்பது வயதுக்காரி ஒருத்தியின் பணிவான வணக்கம்.

சர்க்கரைவள்ளிக் கொடி நடும் நாளில், நிலம் கொடுத்தவள் நாலு நல்ல வார்த்தை பேச வேண்டும் என்று பண்ணைப் பொறுப்பாளர் மிர்யோங் கேட்டார். பேசுகிறேன். நல்ல வார்த்தைகளாக இருக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். கோட்டைத் தாண்டாமல் எழுதக் கற்றவள். கோணலைக் கண்டால் என் கை சும்மா இராது. சிரிக்கிறீர்களா? காலையில் உங்கள் நாற்காலிகளை நேராக்கியதும் இந்தக் கைதான்! என் கணவரும் அப்படித்தான்; கயிறு பிடித்தாற்போல் உழுவார். அவர் போன பிறகு நிலத்தைப் பண்ணைக்கு இரவலாகக் கொடுத்தேன். இவர்கள் என்ன செய்தார்கள்? உழவே இல்லை! வைக்கோலைப் பரப்பினார்கள். வியாழன்தோறும் பிள்ளைகளை வரவழைத்துப் புழு எண்ணச் சொன்னார்கள். தூக்கம் தொலைத்தவர்களை, மனம் நொந்தவர்களைச் சுகாதார நிலையத்திலிருந்து கூட்டிவந்து கையில் விதையைக் கொடுத்தார்கள். "இது பண்ணையா, பள்ளியா, ஆஸ்பத்திரியா?" என்று மிர்யோங்கைக் கேட்டேன்.

"மூணும்தாம்மா. ஏன், ஒண்ணு போதுமா உங்களுக்கு?"

அப்படி வந்தவர்தான் தாக் யோங்சிக். சியோல் நகரத்தில் சுரங்க ரயில் ஓட்டியவர். ஏன் விட்டார், எதைக் கண்டார் என்பதெல்லாம் அவருடையது. மேடையில் அதை நான் தொட மாட்டேன். ஓராண்டாக யாரிடமும் பேசாத மனிதர், போன அக்டோபரில் பத்துப் பாத்திகளில் பசுந்தாள் உர விதையைத் தூவிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன மாமா போடுறீங்க?"

"மண்ணுக்குப் போர்வை."

"மண்ணுக்குப் போயி குளிருமா மாமா?"

"எனக்குக் குளிருதுல்ல? அதுக்கு மட்டும் குளிராதா?"

ஓராண்டில் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அது. பனிக்காலம் முழுக்கக் காலையில் வந்து, குந்தி உட்கார்ந்து, உறைபனியை விரலால் விலக்கிப் பார்ப்பார். மார்ச்சில் பத்துப் பாத்தியும் பச்சை கட்டியது. அன்று அவர் சிரித்ததை மிர்யோங் பார்த்திருக்கிறார். நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது வேறு.

என் கணவரின் கல்லறை அந்த வயலுக்கு மேலே, குன்றுச் சரிவில்தான் இருக்கிறது. முன்னோரை வணங்கும் ஹன்ஷிக் நாளில் உறவெல்லாம் கல்லறைக்கு வரும். போன வருடம் என் நாத்தனார் மேலே நின்று கீழே பார்த்து, "என்ன அண்ணி, அண்ணன் போனதும் நிலம் தலை சீவாம நிக்குது!" என்றாள். அந்தச் சொல்லை ஒரு வருடம் சுமந்தேன். இந்த வருடம், ஹன்ஷிக்குக்கு முதல் நாள், களைக்கொத்தோடு இறங்கினேன். யாரையாவது கேட்டேனா? இல்லை. இது என்ன செடி என்று குனிந்து பார்த்தேனா? இல்லை. எட்டுப் பாத்திகள், பெரியவர்களே! எட்டுப் பாத்திகளை வேரோடு பிடுங்கி வரப்பில் குவித்தேன். மறுநாள் நாத்தனார் சொன்னாள்: "இப்பத்தான் அண்ணி நிலம் நிலமா இருக்கு!" எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த நாள் தாக் வந்தார். நின்றார். பார்த்தார். பூட்சைக் கழுவித் துடைத்து, அலமாரியில் அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனார். நாற்பது நாளாயிற்று. அறையை விட்டு வெளியே வரவில்லை.

நான் போனேன். கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். கதவு திறக்கவில்லை, குரல் மட்டும் வந்தது.

"உங்க நிலம்தானேம்மா. நீங்க என்ன வேணாலும் செய்யலாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே சொல். சொன்னேனா? இந்த வாய் சொன்னது என்ன தெரியுமா? "கஞ்சி ஆறிடும், எடுத்துக்கோங்க." அவ்வளவுதான். என்னை விட முப்பது வயது சின்னவரிடம் தலை குனிய எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை, நானும் கற்றுக்கொள்ளவில்லை.

ஊர்த்தலைவரே, அந்த ஒலிபெருக்கியை அணைத்துவிடாதீர்கள். குப்பை வண்டி வரும் நேரத்தை ஊருக்கு அறிவிக்கும் ஒலிபெருக்கியில் இந்தப் பேச்சும் போக வேண்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். தெரு வளைவில் அது கட்டியிருக்கும் கம்பத்துக்கு நேர் எதிரே ஒரு சன்னல் இருக்கிறது.

தாக் அவர்களே! பத்திரத்தில் என் பெயர் இருக்கிறது. இருக்கட்டும். உறைபனியில் குந்தி உட்கார்ந்தது யார்? முளைக்குமா முளைக்குமா என்று தவித்தது யார்? அந்த வயல் யாருடையது என்று மண்ணைக் கேட்டால் அது என் பெயரையா சொல்லும்? நான் தவறு செய்தேன். ஊராரின் வாய்க்குப் பயந்து உங்கள் உழைப்பைப் பிடுங்கி எறிந்தேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

இரண்டு பாத்திகள் மீதி இருக்கின்றன. என் இரக்கத்தால் அல்ல, இடுப்பு பிடித்துக்கொண்டதால். சிரியுங்கள், சிரிக்க வேண்டியதுதான். இன்று அவை ஊதாப் பூவாய் நிற்கின்றன. தேனீ இரைச்சலில் பக்கத்தில் நின்று பேச முடியவில்லை. அறுத்துச் சாய்த்து, அதன்மேல் கொடி நடும் பருவம் இதுதான். அரிவாள் வரப்பில் கிடக்கிறது, யாரும் தொடவில்லை. "அவரு போட்டது. அவரு வரட்டும்" என்கிறார் மிர்யோங்.

இன்று முடியாவிட்டால் நாளை வாருங்கள். நாளையும் முடியாவிட்டால் அது நிற்கட்டும். விதை முற்றி, உதிர்ந்து, கண்ட இடத்தில் முளைத்தாலும் இந்தக் கை அதைத் தொடாது. திட்ட வேண்டும் என்றாலும் வாருங்கள், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

பெரியவர்களே, தாய்மார்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இன்றோ, இன்னொரு நாளோ, அந்தப் பண்ணை வாசலில் ஒருவர் வந்து நின்றால் யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். கை தட்டாதீர்கள். தன் வயலுக்கு வருகிற மனிதரை யாராவது கை தட்டி வரவேற்பார்களா? கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்கள், அது போதும்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், சன்னலுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் என் நன்றி. வணக்கம்.