பூட்டி வைத்த பெயர்

வாசல் படலையைப் பூட்டாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. தெல்லிப்பழையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அயலவர்கள் இதைச் சொல்லி என்னைப் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும், ஐயா. களவு போனது அவர்கள் வீடுகளில்தான். என் வீட்டில் முற்றம் கூட்டுகிற தும்புத்தடிகூடப் போனதில்லை.

பக்கத்து வீட்டு மார்க்கண்டு அண்ணைக்கு நடந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கேயோ கொடுத்த அடையாள அட்டைப் பிரதியை வைத்து, எவனோ அவர் பெயரில் கடனுக்கு மோட்டார் சைக்கிள் எடுத்துவிட்டான். மிதிவண்டியைத் தவிர வேறெதிலும் ஏறாத மனிதர். அதைக் கண்டதும் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. என் மனைவி நிரோஜினியை வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பெயரில் யாரும் கடன் எடுக்க முடியாதபடி பூட்டி வைக்கலாம் என்றார்கள். திறப்பதென்றால் போனுக்கு ஓர் இரகசிய இலக்கம் வரும், அதைக் கொடுக்க வேண்டும். நான் என் போனைப் பதியச் சொன்னேன்.

அதில் என்ன பிழை? வீடும் தோட்டக் காணியும் நிரோஜினியின் சீதனம். காணி உறுதிப் பத்திரம் அவள் பெயரில். ஆனாலும் என் கையெழுத்தில்லாமல் ஒரு பரப்புக் காணியைக்கூட அவள் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. எங்கள் தேசவழமைச் சட்டம் அப்படி. காணிக்கு அப்படியென்றால் பெயருக்கும் அப்படித்தானே. வங்கியில் வேலை செய்யும் பிள்ளை நிரோஜினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கன்றியிருந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்தவள் என்று நானே விளக்கம் சொன்னேன்.

அந்தப் பிள்ளை கெட்டிக்காரி. "நம்பரை ஆர் கேட்டாலும் சொல்லாதேங்கோ அண்ணை. கள்ளர் தெரிஞ்ச ஆக்கள் மாதிரித்தான் கதைப்பினம்" என்றாள். அதை நான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு குறையும் இல்லை. நிரோஜினி சத்தம் போடாதவள். கை முறிந்து மாக்கட்டுப் போட்டிருந்த காலத்திலும் ஒற்றைக் கையால் புட்டு அவித்துத் தந்தவள். அதுவும் கிணற்றடியில் விழுந்ததுதான்.

நேற்று வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றபோது போனில் இலக்கம் வந்தது. நிரோஜினியின் பூட்டைத் திறக்கும்படி யாரோ கேட்டிருக்கிறார்கள். மோட்டரை நிற்பாட்டிவிட்டு ஓடிவந்தேன். அவள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில், வெளியே போய்வந்த சேலையோடு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, உங்கடை போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதைத் தாங்கோ."

"என்னத்துக்கு?"

"கடனுக்கு ரெண்டு தையல் மெசின் எடுக்கப் போறன். கொழும்புத்துறையிலை ஒரு அறையும் பாத்திட்டன். இனி இஞ்சை இருக்கேலாது."

"ஆர் கேக்கிறது?"

"நான்தான். என்ரை பேர்தானே. தாங்கோ."

நிரோஜினி என்னோடு அப்படிக் கதைப்பவள் அல்ல. குரல் அவளுடையது போலத்தான் இருந்தது. வங்கிப் பிள்ளை சொன்னதும் அதைத்தானே. போனைப் பறிக்கக் கை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்து அம்மியில் வைத்துக் குழவியால் குத்தினேன். விரல்கள் சப்பளிந்துபோயின. அப்போதும் அவள் இலக்கத்தைத்தான் கேட்டாள். பிறகு தலையில் போட்டேன். எத்தனை தரம் என்று கேட்கிறீர்கள், யார் எண்ணிக்கொண்டிருப்பார்? குழவியை இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. முகம் அடையாளம் தெரியாமல் போன பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

குசினியைக் கழுவினேன். சேலையால் அவளை மூடினேன். வங்கிக்குப் போன் எடுத்து, ஆள் பிடிபட்டாயிற்று, பூட்டு அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன். அந்தப் பிள்ளை நிரோஜினி அக்கா எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள்தான் உங்களுக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

கொன்றது நான்தான், ஐயா. மறுக்கவில்லை. ஆனால் வாக்குமூலத்தில் மனைவியைக் கொன்றவன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் வெட்டிவிடுங்கள். குசினியில் நின்றவள் அவளுடைய பெயரைக் களவெடுக்க வந்தவள். என் நிரோஜினி என்னிடம் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை.