பணி ஓய்வு பெறும், சிவப்புக் கயிறு தந்த பேராசிரியை ஞானபூரணி அம்மையார் அவர்களுக்கு

கூட்டத்துக்குள் ஒளிந்து கிடக்கும் தனி மனத்தின் குரலைக் கேட்டவரே! கேள்வித்தாளும் கருப்புக் குடையுமாகக் கந்தகப் புழுதியில் பதினைந்து ஆண்டுகள் நடந்தவரே! அம்மையீர், வணக்கம்.

1952இல் விருதுநகருக்கு வந்தீர்கள். சமூக உளவியல் என்ற பெயரையே நாங்கள் தங்களிடம்தான் முதலில் கேட்டோம். சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் தாங்கள் கேட்டது ஒரே கேள்வி: இந்த வேலைக்குப் பயப்படுகிறீர்களா? சேர்ந்திருந்தபோது அத்தனை பேரும் இல்லை என்றார்கள். தனியே கேட்டபோது ஒவ்வொருவரும், தனக்குப் பயம்தான், மற்றவர்களுக்குத்தான் இல்லை என்றார்கள்.

அதற்குத் தாங்கள் கண்ட வழி ஒரு சிவப்புக் கயிறு. தினம் ஒருவர் மணிக்கட்டில் அது இருக்கும். அன்று பயப்படுவதும் அவர் வேலை. அவர் எழுந்தால் அறையே எழுந்து வெளியேற வேண்டும். தாயில்பட்டியில் ஒரு கம்பெனி மட்டும் ஒப்புக்கொண்டது.

முதல் வாரமே, கயிறு கட்டியிருந்த முத்துப்பேச்சி காரணமில்லாமல் எழுந்துவிட்டாள். போர்மேன் சோலைச்சாமி அவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்தார். இனி எவளாவது சும்மா எழுந்தால் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

1961, தீபாவளிக்கு ஒன்பது நாள். கயிறு இருளம்மாள் கையில். முந்தின நாள் மழையில் கூரை ஒழுகியிருந்தது. தட்டிலிருந்த வெடிமருந்துக் கலவை ஈரம்பட்டுச் சூடேறுவதை அவள் விரல் உணர்ந்தது. காட்டமான நெடி வேறு. மற்ற ஐந்து பேரின் கைகளும் ஓயவில்லை. மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு தாங்கள் இருந்தீர்கள். தாங்களும் எழவில்லை. படித்தவர்களே சும்மா இருக்கிறார்களே என்று அவளுக்குத் தோன்றியது. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. கயிறு மணிக்கட்டில் அரித்தது. எழுந்துவிட்டாள்.

வாசலில் சோலைச்சாமி நின்றார். “லோடு நிக்குது. என்னத்தா, ஒனக்கும் வந்திருச்சா?”

“பயமா இருக்கு அண்ணாச்சி. இன்னைக்கு என் முறை. எல்லாரும் வெளிய வாங்க. டீச்சரம்மா, நீங்களுந்தான்.”

எல்லோரும் நடந்தார்கள். அவர் வைதுகொண்டே பின்னால் வந்தார். வைதுகொண்டு வந்ததால் பிழைத்தார். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் அறை வெடித்தது.

தங்கள் ஆய்வறிக்கையில் எழுதினீர்கள்: “நெடி எனக்கும் தெரிந்தது. மற்றவர் முகங்களைப் பார்த்தேன். யாரும் எழாததால் நானும் எழவில்லை.” அந்த வரிகளை அடித்துவிடுமாறு நாங்கள் சொன்னோம். தாங்கள் அடிக்கவில்லை.

மற்ற ஆலைகள் கயிற்றைக் கேலி செய்தன. 1964இல் நம் ஆய்வு உதவியாளர் தேவாசீர்வாதத்தின் மனைவி இன்பத்தைப் பலிகொண்ட அறையில் கயிறு இல்லை. அடுத்த மாதமே தேவாசீர்வாதத்தையும் அழைத்துக்கொண்டு ஆலை ஆலையாக ஏறி இறங்கினீர்கள். ஆறுதல் சொல்வதற்குப் பதில், ஒரு கட்டுக் கயிற்றை அவர் கையில் கொடுத்தீர்கள். இன்று பதினொரு ஆலைகளில் அது இருக்கிறது.

இந்த வாழ்த்து மடலின் கண்ணாடிச் சட்டத்து மூலையில் கட்டியிருப்பது இருளம்மாள் கொடுத்தனுப்பிய கயிறு. தங்கள் கண்ணும் காலும் நெடுநாள் தளராதிருக்கட்டும். இரவில் வெடிச் சத்தம் கேட்டால் இனி எழுந்து உட்கார வேண்டாம், அம்மையீர். பயப்படும் முறை எங்களுடையது.

இங்ஙனம்,
உடன் பணியாற்றிய ஆசிரியர்களும் அலுவலர்களும்
விருதுநகர், 31-3-1967